புது ரிவால்வர், பெட்டியைத் திறந்த நாளிலிருந்தே கோணல்: கம்பெனிக்கு அனுப்பவா, உள்ளூர் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுக்கவா?

கேள்வி: கேட்டி நர்ஸ்

வணக்கம். "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று தொடங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த இழையைத் தாண்டிப் போய்விடுங்கள். அந்தக் கேள்வியை என் மாமியார் கேட்டு முடித்துவிட்டார்.

என்னோடு நைட் ஷிஃப்ட் பார்க்கும் டெக்சஸ்காரி ஒருத்தி ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) கூட்டிப் போய்ப் பழக்கிவிட்டாள். அவளுடைய பழைய ரிவால்வரில் சுட்டுச் சுட்டு எனக்கும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆகிவிட்டது. பிஸ்டல் எனக்கு ஒத்துவரவில்லை, ஸ்லைடை இழுப்பதற்குள் கட்டைவிரல் மூட்டு கெஞ்சுகிறது. அதனால் .357 மேக்னம், நாலு இன்ச் பேரல் (குழல்), ஆறு ரவுண்டு, ஸ்டெயின்லெஸ், குறி பார்க்கும் பின் சைட் திருகி நகர்த்தக்கூடியது. நான் போடுவதெல்லாம் அதே துப்பாக்கியில் போடக்கூடிய .38 ஸ்பெஷல் தோட்டாதான். வரியோடு தொள்ளாயிரம் டாலரை ஒட்டி வந்தது. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்களுடைய ரசிகர்களும் எதிரிகளும் இங்கே வந்து உருளுவார்கள், என் கேள்வி அடியில் போய்விடும்.

பிரச்சினை இதுதான். கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரேஞ்சில் கையை நீட்டிப் பிடித்தபோது முன் சைட் நேராக நிற்காமல் இடது பக்கம் சாய்ந்திருப்பது போல் பட்டது. என் கண்தான் கோணல் என்று நினைத்தேன். 15 யார்டில் குண்டுகள் எல்லாம் ஒன்றாகத்தான் விழுகின்றன, ஆனால் மையத்துக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளி. பின் சைட்டை இடப்பக்கம் திருகிக்கொண்டே போனேன், திருகு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது, அப்போதும் மையத்துக்கு வரவில்லை. தோழியிடம் கொடுத்தேன், அவளுக்கும் வலதில்தான் விழுந்தது.

இரண்டாவது, பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்து, "உன் துப்பாக்கி என் மேல் துப்புகிறது" என்றார். பொடிப்பொடியாக ஈயத் துகள். அவர் கண்ணாடி போட்டிருந்தார், நல்லவேளை.

வீட்டுக்கு வந்து, காலி செய்து, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, சுத்தியலை (தோட்டாவை அடிக்க வைக்கும் பாகம்) மெதுவாகப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். நாலு அறைகளில் சிலிண்டர் (தோட்டா போடும் ஆறு அறை உருளை) டக்கென்று பூட்டிக்கொள்கிறது. இரண்டில் சுத்தியல் முழுதாகப் பின்னால் வந்த பிறகும் சிலிண்டர் பூட்டவில்லை. விரலால் லேசாகத் தள்ளினால்தான் "க்ளிக்" கேட்கிறது.

கடையில், "ஃபார்ம் கையெழுத்தாகி வெளியே போன துப்பாக்கியைத் திருப்பி எடுப்பதில்லை, கம்பெனியிடம் பேசுங்கள்" என்கிறார்கள். கம்பெனி போனில், "முதலில் ஐந்நூறு ரவுண்டு சுட்டுப் பாருங்கள், பழகிவிடும்" என்கிறது. கன்ஸ்மித் ஒருவர் நூறு டாலர் கொடுத்தால் அரைமணியில் சரிசெய்கிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஃபிரிஸ்கோ பாலா

சிஸ்டர், அந்த ஐந்நூறு ரவுண்டு கதையை நம்பாதீங்க. .38 இப்ப என்ன விலை விக்குது! உங்க காசுல அவங்களுக்கு டெஸ்டிங்கா? சாய்ஞ்ச பேரல் சுட்டுச் சுட்டு நிமிர்ந்துடுமா?

கடைக்காரரையும் ரொம்பத் திட்ட முடியாது. துப்பாக்கி வாங்கறப்ப நிரப்பற 4473 ஃபார்ம் முடிஞ்சதும் அவர் புத்தகத்துல உங்க பேருக்குப் போயாச்சு. திருப்பி எடுத்தா மறுபடியும் வரவு எழுதி, பழைய துப்பாக்கின்னு குறைஞ்ச விலைக்குத்தான் விக்கணும். ஆனா ஒண்ணு கேளுங்க: அவர் லைசென்ஸ் உள்ள டீலர், அவர் மூலமாவே கம்பெனிக்கு அனுப்பித் தருவாரான்னு. சில கடையில சும்மா செய்றாங்க, சில கடையில ஷிப்பிங் காசு கேப்பாங்க.

பதில்: பீளமேடு டூல் ரூம்

வணக்கமுங்க அம்மிணி. நான் பீளமேட்டுல பம்ப் கம்பெனி டூல் ரூம்ல ஆரம்பிச்சு, இங்க ஹூஸ்டன்ல எண்ணெய்க் கிணத்து வால்வு செய்யற ஷாப்புல ரிட்டயர் ஆனவன். துப்பாக்கி எனக்கு வேட்டைக்கில்லைங்க, மெஷின் மேல இருக்கிற ஆசை. ரிவால்வர் மாதிரி வெளிய தெரியற மெஷின் கம்மி. அதனால தப்பு இருந்தாலும் வெளியவே தெரிஞ்சுரும்.

மொதல்ல, அந்த நூறு டாலர் கன்ஸ்மித்துகிட்டக் குடுக்காதீங்க. ஆள் கெட்டவர்னு சொல்லலை. அவர் ஃபைலை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துட்டா அப்புறம் அது கம்பெனி தப்பு இல்லை, அவர் தப்பு, இல்லீன்னா உங்க தப்பு. வாரன்டின்னு போய் நின்னா "வெளியாள் கை வெச்சிருக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாங்க. புது சாமான்ல யாரும் கை வெக்கக் கூடாதுங்க, நீங்களும்தான்.

இப்ப ஒவ்வொண்ணாப் பாக்கலாம். முன் சைட் சாய்வு உங்க கண்ணு கோளாறு இல்லை. ஒத்தைத் துண்டு பேரல்னா அதைத் துப்பாக்கியோட ஃப்ரேமுக்குள்ள மரை ஏத்தி இறுக்கிக் கொண்டுவந்து, சைட் செங்குத்தா நிக்கற எடத்துல நிறுத்தணும். ஒரு மயிரிழை கூடத் திருகிட்டா சைட் சுடறவங்களுக்கு இடது பக்கம் சாயும். சைட் இடது போனா குண்டு வலது போகும். நீங்க எழுதினது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுது, அதனாலதான் நம்பறேன். பின் சைட் அதுக்காக வெச்சதில்லைங்க. அது ரவுண்டு மாத்தினா, தூரம் மாத்தினா கொஞ்சம் நகர்த்திக்க. பேரல் கோணலை மறைக்கறதுக்கு அது பொறுப்பில்லை.

சிலிண்டர் சமாச்சாரத்துக்கு ஒரு சந்தேகம். நீங்க காலி சிலிண்டரோட பாத்தீங்கன்னு நெனைக்கறேன். சில மாடல்ல தோட்டா வெளிய தள்ளற நட்சத்திரம் இருக்குதுங்களே, அது அறைகள் காலியா இருந்தா கொஞ்சம் ஆடும். அறையில கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) இருந்தாத்தான் அசையாம உக்காரும். சுட்டுப் போட்ட வெறும் கேஸ் ஆறு எடுத்துப் போட்டுட்டு மறுபடியும் பாருங்க. உள்ள இருக்கறது சுட்ட கேஸ்தானான்னு ஒவ்வொண்ணா ப்ரைமரை (அடியில இருக்கற பத்தவைக்கற மூடி, சுட்டிருந்தா அதுல குழி தெரியும்) பாத்துட்டுப் போடுங்க. முகவாயை (பேரல் நுனியை) பாதுகாப்பான பக்கம் வெச்சுக்கிட்டு, இடது கை விரலை சிலிண்டர் மேல லேசா, பிரேக் மாதிரி தொட்டுக்கிட்டு, சுத்தியலை மெதுவா இழுங்க. சுத்தியல் முழுசா நிக்கறதுக்குள்ள பூட்டு விழுந்திருக்கணும். மார்க்கர்ல அறைக்கு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுட்டு எழுதிக்கங்க. நட்சத்திரத்துக்கு அடியில எரியாத மருந்துத் துகள் ஒண்ணு மாட்டினாலும் சிலிண்டர் இறுகி நின்னு இதே மாதிரி ஏமாத்தும். அதைப் பல் பிரஷ்ல தொடச்சுட்டு அப்புறம் செய்யுங்க.

எச்சில் துப்பறது பெரும்பாலும் இதோட பிள்ளைதான். அறையும் பேரலும் ஒரே கோட்டுல நிக்கலைன்னா குண்டு பேரல் வாயில ஓரமா இடிச்சு, சீவிக்கிட்டுத்தான் நுழையும். சீவினது பக்கவாட்டுல பறக்கும். ஆனா இன்னொரு காரணமும் இருக்குது. பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. ஆட்டோ பார்ட்ஸ் கடையில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகடுகள்) விக்குது, அஞ்சு பத்து டாலர்தான். சிலிண்டரைப் பின்னால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு அளங்க. 0.004 இன்ச்சிலிருந்து 0.006 வரைக்கும் நல்ல கணக்கு, நம்ம கணக்குல 100லிருந்து 150 மைக்ரான். 0.010 தாண்டினா நானே சண்டைக்குப் போவேன். அப்புறம் சிலிண்டரை முன்னால தள்ளி இன்னொருக்கா அளங்க. ரெண்டுக்கும் இருக்கற வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம், அது புதுசுல 0.003க்கு மேல இருக்கக் கூடாதுங்க.

அதோட நிறுத்தாதீங்க. இடது பக்கத்துலிருந்து அளங்க, வலது பக்கத்துலிருந்தும் அளங்க, ஆறு அறைக்கும். ஒரே பக்கம் எப்பவும் அகலமா இருந்தா பேரல் முகம் சதுரமா வெட்டப்படலை. அறை மாற மாற அளவும் மாறினா சிலிண்டர் முகத்துல தப்பு. இதைக் கண்டுபிடிச்சுட்டா கம்பெனிக்காரனுக்குப் பாதி வேலை நீங்களே செஞ்சு குடுத்த மாதிரி.

கடைசியா ஒண்ணு. காலியா இருக்கறப்ப சுத்தியலை முழுசா ஏத்திட்டு, ட்ரிகரைத் தொடாம, கட்டைவிரலால முன்னால தள்ளுங்க. விழுந்துருச்சுன்னா அந்த நிமிஷமே பெட்டியில போட்டு மூடிருங்க, ஒரு ரவுண்டு கூட சுடாதீங்க.

அளந்ததை ஒரு தாள்ல எழுதி, சுட்ட டார்கெட் அட்டையோட படம் ஒண்ணு, சைட் சாய்வைப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒண்ணு வெச்சு மெயில் அனுப்புங்க. "சரியா சுடலை"ன்னு எழுதினா போன் எடுக்கற பையன் ஐந்நூறு ரவுண்டு கதை சொல்லுவான். "4ஆம் அறை பூட்டலை, இடைவெளி வலது 0.009, இடது 0.003"ன்னு எழுதினா அந்தத் தாள் ஷாப் ஃப்ளோருக்குப் போகும்.

கேட்டி நர்ஸ்

ஐயா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே நட்சத்திரத்தைத் துடைத்து, சுட்ட கேஸ்களைப் போட்டுப் பார்த்தேன். ஒரு அறை சரியாகிவிட்டது! இன்னொன்று (நான் 4 என்று நம்பர் போட்டது) அப்படியேதான் இருக்கிறது, தள்ளினால்தான் பூட்டுகிறது. இடைவெளி வலது பக்கம் 0.008 நுழைகிறது, இடது பக்கம் 0.004க்கு மேல் போகவில்லை. ஆறு அறையிலும் இதேதான். அப்படியென்றால் பேரல் முகம், இல்லையா? முன்பின் ஆட்டம் 0.002. சுத்தியலைத் தள்ளிப் பார்த்தேன், விழவில்லை.

என் கணவர், மருத்துவமனையில் பிரஷர் சார்ட் எழுதுவது போல் எழுதுகிறாய் என்று சிரிக்கிறார். படங்களோடு மெயில் அனுப்பிவிட்டேன்.

பதில்: சான் ஹோசே வாசகன்

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. நான் வாரன்டி சச்சரவுகளைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். துப்பாக்கி மேல் எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் வாங்கியவர் ஏமாறக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் டோஸ்டரில் தீப்பிடித்தால், குழந்தையின் தொட்டில் உடைந்தால், நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுத் திரும்பப் பெறச் சொல்ல முடியும். துப்பாக்கி விஷயத்தில் முடியாது. 1972இல் அந்த ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கியைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் செய்யலாம், நிஜத் துப்பாக்கியை முடியாது. நிறுவனம் தானாக முன்வந்தால்தான் உண்டு. முன்வருவதும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ரூகர் நிறுவனம் 1973க்கு முன் செய்த பழைய ஒற்றைச் செயல் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டிய) ரிவால்வர்கள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடியவை. அவற்றுக்குப் புதிய பாதுகாப்புப் பாகத்தை இலவசமாகப் பொருத்தித் தரும் திட்டத்தை அவர்களே 1982இல் தொடங்கினார்கள்.

இங்கிலாந்தில் 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி லண்டன், பர்மிங்ஹாம் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையின் முத்திரை இல்லாமல் துப்பாக்கி விற்க முடியாது. இங்கே அப்படி அரசு முத்திரை எதுவும் கிடையாது. தொழிற்சாலை தானே சுட்டுப் பார்த்துத் தானே கையெழுத்திடும். (அந்த முத்திரையும் அதிக அழுத்தத்தில் வெடிக்காது என்பதற்குத்தான். சைட் நேராக நிற்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை.)

ஆக உங்களிடம் இருப்பது இரண்டு. எழுத்தில் கொடுத்த வாரன்டி இருந்தால் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் அதைக் காப்பாற்றச் சொல்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், விற்ற பொருள் அதன் வழக்கமான வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற மறைமுக உத்தரவாதம் நீங்கள் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தின் வணிகச் சட்டத்தில் இருக்கிறது. துப்பாக்கி நிறுவனங்களுக்கு 2005இல் வழக்குக் காப்பு கொடுத்தார்களே, அது குற்றவாளிகள் செய்ததற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதைத் தடுப்பது. வடிவமைப்பு, தயாரிப்புக் குறைபாட்டு வழக்குகளுக்கும் வாரன்டி மீறலுக்கும் அதிலேயே விலக்கு உண்டு. போனில் பேசியதையெல்லாம் அன்றே மெயிலில் "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். அந்த ஐந்நூறு ரவுண்டு அறிவுரையையும் சேர்த்து.

அனுப்பும் விதம்: பழுது பார்க்க உற்பத்தியாளருக்கு அனுப்பிய துப்பாக்கியை அவர்கள் நேராக உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், டீலர் தேவையில்லை. அதே வகையில் மாற்றுத் துப்பாக்கி கொடுத்தாலும் அப்படித்தான், கூட்டாட்சிச் சட்டம் 922ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள் மட்டும் தங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளவும். யுபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் தனியாட்களிடமிருந்து துப்பாக்கிப் பார்சல் வாங்குவதை நிறுத்திவிட்டன, ஆகவே நிறுவனத்திடமிருந்து கட்டணம் செலுத்திய லேபிளைக் கேட்டு வாங்குங்கள். தபால் அலுவலகம் வேண்டாம், கைத்துப்பாக்கிக்கு 1927ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

தனிச்செய்தியில் ஒரு தம்பி கேட்டிருந்தார், மற்றவர்களுக்கும் பயன்படும்: எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வேறு கணக்கு.

பதில்: கோத்தகிரி தேயிலை

இதைப் படிக்கப் படிக்கப் பொறாமையா இருக்கு. இந்தியாவுல எங்களுக்கு .38 கனவுல கூட இல்லை, அது தடை செய்த போர் (குழல் அளவு). .32தான். அதுக்கு லைசென்ஸ் வாங்கவே செருப்புத் தேயும். கோணலா வந்தாலும் சரி, இதுவாவது கிடைச்சுதேன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வருவோம். 2019 திருத்தத்துக்கப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான். தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. மழைக்காலத் தேர்தல்னா திரும்பி வரும்போது துருவோட வரும். பேரல் முகம் சதுரமா இருக்கான்னு கேக்கற நிலைமையில நாங்க இல்லை அம்மா.

கேட்டி நர்ஸ்

ஒரு மாசத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது, திரும்பி வந்துவிட்டது. மெயிலுக்கு மறுநாளே லேபிள் அனுப்பினார்கள், ஐந்நூறு ரவுண்டு பேச்சே எடுக்கவில்லை. வெளிப்பெட்டியில் துப்பாக்கி என்று தெரிகிற மாதிரி ஒன்றும் எழுதாமல், அளவுத் தாளை உள்ளே வைத்து, ஃபெடெக்ஸ் கவுன்டரில் கொடுத்தேன். வரும்போது பெரியவர்கள் கையெழுத்து வேண்டும் என்று டிரைவர் காத்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் இருந்த என்னைப் பார்த்துவிட்டு அடையாள அட்டையும் கேட்டார்.

கூடவே வந்த சீட்டில் பேரல் மாற்றியது, சிலிண்டரைச் சுற்றும் பாகம் மாற்றியது, சுட்டுப் பார்த்தது என்று மூன்று வரி. சீரியல் நம்பர் பழையதுதான். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

சுடுவதற்கு முன் மறுபடியும் அளந்தேன். இடைவெளி இரண்டு பக்கமும் 0.005. 4ஆம் அறை பூட்டுகிறது. பின் சைட்டை நடுவில் வைத்து 15 யார்டில் சுட்டேன், மையத்தில் விழுகிறது. பக்கத்து லேன்காரர்கள் யாரும் வரவில்லை.

ஒன்று மட்டும் புதிது. ட்ரிகர் முன்பைவிடக் கனமாக இருக்கிறது. வீடியோக்களில் லேசான ஸ்பிரிங் வாங்கிப் போடு என்கிறார்கள், பன்னிரண்டு டாலர்தான். போடலாமா ஐயா?

பீளமேடு டூல் ரூம்

போடாதீங்க அம்மிணி, இப்பத்தானே சரியா வந்திருக்குது. புதுப் பாகம் போட்டிருக்கறாங்க, உரசற முகங்கள் இன்னும் படியலை. பழகப் பழகக் கொஞ்சம் எறங்கும். ஐந்நூறு ரவுண்டு பேச்சு இதுக்கு மட்டும்தான் பொருந்தும், ஆனா அதுக்கும் தோட்டா செலவு பண்ண வேண்டாம். டம்மி ரவுண்டு போட்டு வீட்லயே ட்ரிகர் இழுத்துப் பழகுங்க, கைக்கும் பலம் வரும்.

லேசான ஸ்பிரிங் போட்டா சுத்தியல் அடி குறையும். கெட்டியான ப்ரைமர் உள்ள தோட்டாவுல அடிச்சும் வெடிக்காம நிக்கும். அப்படி வெடிக்கலைன்னா உடனே சிலிண்டரைத் திறக்காதீங்க. முகவாயை டார்கெட் பக்கமே பிடிச்சு முப்பது விநாடி நிறுத்திட்டு அப்புறம் திறங்க, சிலது தாமதமா வெடிக்கும். கைப்பிடிக்கு முன்பக்கம் கீழே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும் சில மாடல்ல, மெயின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கறது. அது முழுசா இறுகியிருக்குதான்னு மட்டும் பாருங்க. அதைத் தளர்த்தினா ட்ரிகர் லேசாகும்னு அதே வீடியோக்காரன் அடுத்த வாரம் சொல்லுவான்.